தானாகப் பிரிந்த தம்பதி

கல்லை எப்படிச் சுத்தம் செய்வது, எதைக் கொண்டு ஒட்டுவது என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னைவிடப் பொறுமையான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, புதிதாகத் தொழிலுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இனிப்பான கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள். என்னிடம் அது கைவசம் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

நான் வேலை பழகியது எண்பதுகளில், கிழக்கு லண்டனில், ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே இருந்த ஒரு தனியார் பட்டறையில். மேலே ரயில் போனால் மேசையில் இருக்கும் தூரிகைகள் நடுங்கும். பழைய கற்சிலைகளைப் பழுது பார்ப்பதுதான் அங்கே தொழில். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துவிட்டு, இங்கே வந்து மேலும் கொஞ்சம் படித்துவிட்டு, அந்தப் பட்டறை வாசலில் போய் நின்றேன். என்னை வேலைக்கு எடுத்தவர் அதன் தலைவர். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் ஆசிரியர்களில் சிலருக்கே முகம் கறுத்துப்போகும். பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் அதிகம் வந்தவை எகிப்தியச் சிலைகள். அரசர்களுடையவை அல்ல, சாதாரண மனிதர்களுடையவை. கணக்கர், களஞ்சிய அதிகாரி, கோயில் பூசாரி, அவரவர் மனைவி, பிள்ளை. இவர்கள் தங்கள் செலவில் தங்களைச் செய்வித்து, கல்லறையிலோ கோயில் முற்றத்திலோ வைத்துக்கொண்டார்கள். வழியே போகிறவர் நின்று, கீழே வெட்டியிருக்கும் பெயரைச் சொல்லி, இவருக்கு ரொட்டியும் பியரும் கிடைக்கட்டும் என்று வாயால் சொன்னால் போதும், செத்தவருக்கு அது போய்ச் சேரும் என்று நம்பினார்கள். திவசத்துக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற எங்களுக்கு அது ஒன்றும் விளங்காத நம்பிக்கை அல்ல.

அரசனின் சிலைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, அறிஞர் கூட்டம் இருக்கிறது, ஏதாவது நடந்தால் கேட்க ஓர் அரசாங்கம் இருக்கிறது. களஞ்சியக் கணக்கருக்கு யார் இருக்கிறார்? எங்கள் மேசைக்கு அவர் வந்தால், எங்கள் கை என்ன செய்கிறதோ அதுதான் அவர் தலையெழுத்து. இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பெரியவரைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திராது. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் சின்னச் சிலை ஒன்று விமான நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. வெளியே சிலையை ஏற்ற வந்த வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறான். நான் அவசரத்தில் சிலையின் தலையையும் அடியையும் பிடித்துத் தூக்கப் போனேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "முகம் ஊருக்குக் காட்டுவதற்கு. நீ முதுகைப் பார்."

திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. யாரோ எந்தக் காலத்திலோ உடைந்த தலையை ஏதோ ஒரு பசையால் ஒட்டி, முன்பக்கத்தை மட்டும் அழகாகப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். தூக்கியிருந்தால் தலை என் கையிலும் உடம்பு தரையிலும் இருந்திருக்கும். வான்காரனிடம் போய், "நீ காத்திரு. இவர் உன்னைவிட அதிகம் காத்திருந்தவர்," என்று பெரியவர் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு வான் வெறுமையாகத்தான் போனது. அவசரப்படுத்துகிறவனுக்கு முன்னால் அவசரப்படாமல் நிற்பது எப்படி என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அவருடைய கையைப்போல ஒரு கையை நான் பிறகு பார்த்ததில்லை.

இனி அந்தத் தம்பதியின் கதை.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. எங்களுக்கு ஒழுங்காக வேலை தரும் சிலை வியாபாரி ஒருவர், சுண்ணக்கல்லில் செய்த இரட்டைச் சிலை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆசனத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். புருஷன் களஞ்சியக் கணக்கர், பெயர் ரோய். அது அசல் எகிப்தியப் பெயர்தான். ஆனாலும் தெருவுக்கு ஓர் ஆங்கிலேய ரோய் இருக்கிற ஊரில், பட்டறையில் எல்லாருக்கும் சிரிப்பு. பக்கத்து ஊரான பார்க்கிங்கிலிருந்து ரோய் வந்திருக்கிறார், ரோய்க்கு ஒரு கப் ரீ போடு என்று நாள் முழுக்கப் பகிடி. பெண்சாதியின் பெயர் மெரித். அவள் பெயருக்கு முன்னால் வீட்டுக்கு உடையவள் என்று வெட்டியிருந்தது. அவளுடைய முகம் பாதி சிதைந்து போயிருந்தது. ரோயின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வழக்கம்போல முதுகுப் பக்கம் போனேன். மெரித்தின் வலது கை ரோயின் முதுகுக்குப் பின்னால் போய், அவருடைய மற்றத் தோளில் வந்து விரல்களை வைத்திருந்தது. முன்னால் இருந்து பார்த்தால் தோளில் நான்கு விரல்கள் மட்டும் தெரியும். கண்காட்சிக்கு வைத்த கை அல்ல அது. பக்கத்தில் இருக்கிறவர் மேல் சும்மா போட்ட கை.

இருவருக்கும் நடுவில் ஆசனத்தின் மேல் விளிம்பிலிருந்து ஒரு வெடிப்பு இறங்கியது. வியாபாரிக்கு அந்த வெடிப்பில்தான் கண். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் ரோயை மட்டும் கேட்டிருக்கிறார். சுவரில் உள்ள மாடத்துக்கு இரண்டு பேர் அகலம் கூடிப்போய்விட்டார்களாம். அதுவும் மூக்கும் வாயும் இல்லாத ஒரு பெண்ணை விருந்துக்கு வருகிறவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

எங்கள் தொழிலில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது இல்லை என்கிறார்கள், சந்தோஷம். ஒரு பழைய சிலையை வெட்டி விற்றேன் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார். "தானாகப் பிரிந்து வந்தது" என்பார். அதற்கு எங்களைப் போன்ற ஒருவரின் வாய்ச்சொல் வேண்டும். வெடிப்பு அடிவரை போயிருக்கிறது, தூக்கினால் பிளந்துவிடும், ஆகையால் பிரிப்பதே பாதுகாப்பு என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டால், பிறகு கல் அறுக்கும் வாள் போடுவது பாவம் அல்ல, வைத்தியம். கல்லைச் சோதித்துச் சொல்லும் வேலை பட்டறையில் என்னுடையது.

சோதித்தேன். வெடிப்பு மேல்தோலோடு நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தால் கல் முழுவதும் ஒரே சத்தம். ஊசி வைத்துப் பார்த்தேன், விளக்கு வைத்துப் பார்த்தேன். இந்தத் தம்பதி இன்னும் இரண்டாயிரம் வருடம் பிரியாமல் இருப்பார்கள் என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேநீர் நேரத்தில் பெரியவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மிரட்டவில்லை, அவர் மிரட்டுகிற ஆள் அல்ல. "வெடிப்பு உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று யாராலும் முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது, இல்லையா?" என்று கேட்டார். இந்த வியாபாரி இல்லாவிட்டால் பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார். பிறகு எழும்பும்போது, "உன்னுடைய வேலை அனுமதி புதுப்பிக்க வருகிறதல்லவா? அந்தப் பேப்பரை நான் இன்னும் பார்க்கவில்லை," என்றார்.

என் வேலை அனுமதி பட்டறையின் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இந்த நாட்டில் இருக்க உரிமை, என்னோடு சேர்ந்து என் கணவருக்கும் மகளுக்கும். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீடு இருந்த ஒழுங்கையில் அப்போது யாரும் இல்லை.

நாங்கள் லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேல் குடியிருந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. பின்னேரம் நான் உள்ளே போக, அவர் ஷிப்ட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார்.

"அந்தப் புருஷன் பெண்சாதிச் சிலையை வெட்டப் போகினம். அது தானாப் பிரியும் எண்டு நான் சொல்லவேணுமாம்."

"சொன்னா என்ன?"

"பிரியாதே."

"பிரியாட்டி?" சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார். "இஞ்ச பாரும். கல்லுச் சாகாது. எங்களைத் திருப்பி அனுப்பினா நாங்கள் செத்துப்போவம். இதில யோசிக்க என்ன கிடக்கு?"

"அவர் அனுப்புவன் எண்டு சொல்லேல்லை."

"சொல்லவேணுமே? பேப்பர் வருகுது எண்டு ஞாபகப்படுத்தினது என்ன, சுகம் விசாரிச்சதே?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. கல்லில் ஒரு பெண் கை போட்டிருக்கிறாள் என்பதற்காக, உயிரோடு இருக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சண்டைக்குள் நிறுத்த முடியுமா? இதைக் கேட்டுவிட்டு யாராவது என்னை வீரி சூரி என்று நினைத்தால் அவர்களுக்கு வேலை அனுமதி என்றால் என்னவென்று தெரியாது.

கதவைத் திறந்தபின் அவர் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன். உமக்கு ஏலாது எண்டா ஏலாதுதான். எதுக்கும் சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்துத் துடைச்சு வையும்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை பெரியவருடைய அறைக்குப் போனேன். இரவு முழுக்க யோசித்த பெரிய பெரிய வசனங்கள் எல்லாம் மறந்து போயின. "வெடிப்பு அடிவரை போகவில்லை. போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது," என்றேன். அவ்வளவுதான். அவர், "சரி," என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து, என் அனுமதிப் பேப்பரை எடுத்து, என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பிள்ளைகளே, அன்றைக்கு நான் பேருந்தில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். இப்படியும் ஒரு மனிதரா என்று. கணவர் பேப்பரை இரண்டு தரம் வாசித்தார். "வெள்ளைக்காரனிலயும் தெய்வம் இருக்கப்பா," என்று சொல்லி, பேப்பரைச் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த கிழமை, நாட்டுப்புறத்தில் உள்ள ஒரு மாளிகையின் தோட்டச் சிலைகளைப் பார்த்து வரும்படி பெரியவர் என்னை அனுப்பினார். நல்ல வேலை, மரியாதையான வேலை, வழக்கமாக அவரே போகிற வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனேன். பாசி பிடித்த தேவதைகளை எல்லாம் பார்த்துவிட்டு, அந்தக் கிழமை முடிவில் திரும்பி வந்தேன்.

ரோய் ஒரு மேசையில் இருந்தார். மெரித் தரையில், சாக்கின் மேல் இருந்தாள்.

"தூக்கும்போது தானாகப் பிரிந்து வந்துவிட்டது," என்றார் பெரியவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் குனிந்து கல் பிளந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தானாகப் பிரிகிற கல் அதன் மனம்போன பக்கம் போகும், பல்லுப் பல்லாக நிற்கும். இது மேலிருந்து கீழே நேராக இறங்கியிருந்தது. வாளின் வரிகள் விரலுக்குத் தெரிந்தன. அப்படி ஒரு நேரான வெட்டை லண்டனில் ஒரே ஒரு கைதான் போட்டிருக்க முடியும்.

"என்னை ஏன் அனுப்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"உன் கையில் அழுக்குப் படக்கூடாது என்றுதான்." அவருடைய குரலில் கோபம் இல்லை, உண்மையான கரிசனை இருந்தது. "நீ பொய் சொல்ல மாட்டேன் என்றாய். சொல்ல வைக்கவில்லை. பேப்பரில் கையெழுத்தும் போட்டேன். இதற்கு மேல் நான் உனக்கு என்ன செய்ய?"

நான் காப்பாற்றப் போனது அந்தத் தம்பதியை. காப்பாற்றப்பட்டது என் மனச்சாட்சி மட்டும். அதையும் காப்பாற்றித் தந்தவர் வெட்டியவரே. முடியாது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். முடியாது என்று சொன்ன அடுத்த நிமிடம் உங்களை நல்ல இடமாகப் பார்த்து அனுப்பி வைப்பார்கள். போகாதீர்கள். அந்த அறையிலேயே நில்லுங்கள், கதிரையைப் போட்டு உட்காருங்கள், மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருங்கள். அனுபவம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

ரோயின் தோளில் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. பக்கத்தில் ஆள் இல்லாமல் விரல் மட்டும் இருந்தால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார் அல்லவா? பெரியவரே அவற்றை அரைத்து எடுத்து, முதுகில் கிடந்த கையையும் எடுத்து, கல்நிறக் கலவையால் பூசினார். நான் என் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு வேலை! நானே பிறகு தடவிப் பார்த்தேன், எங்கே என்று பிடிபடவில்லை. முகம் ஊருக்கு என்று சொன்னவர், முதுகையும் ஊருக்குத் தயார் பண்ணிவிட்டார்.

வேலையை விட்டீர்களா என்று கேட்கப் போகிறீர்கள். விடவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம், ஊரில் இருந்து வரவேண்டியவர்கள், எல்லாவற்றுக்கும் அந்தப் பேப்பர் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவரோடு ரீ குடிப்பதை மட்டும் விட்டேன். அவருக்கு அது உறைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

மெரித்தை வியாபாரி திரும்பக் கொண்டுபோகவில்லை. முகம் இல்லை, துணை இல்லை, எங்கிருந்து வந்தாள் என்று சொல்லப் பத்திரமும் இல்லை. "பழகுகிறவர்களுக்கு உதவும்," என்றார் பெரியவர். அப்படியே நடந்தது. புதிதாக வருகிறவர்கள் அவளில்தான் கை வைத்துப் பழகினார்கள். ஒருவர் அமிலம், ஒருவர் ஆவி, ஒருவர் கத்திமுனை. ஒவ்வொருவரும் ஒரு தீப்பெட்டி அளவு சதுரத்தைத் துடைத்துப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். துணி போட்டு மூடிப் பார்த்தேன். துணியை எடுத்துத் தூரிகை துடைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரியவர் காலமானார். அதற்கு அடுத்த கோடையில் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருந்து ஓர் அதிகாரி பட்டறைக்கு வந்தார். ரோய் கைமாறிக் கைமாறி அவர்களிடம் வந்திருக்கிறார். அந்த மனிதர் ஒழுங்காகத் தொழில் படித்தவர். விளக்கைச் சரித்துப் பிடித்து முதுகைப் பார்த்திருக்கிறார். கலவையைச் சுரண்டிப் பார்த்தபோது கீழே ஒரு கையின் அடி தெரிந்திருக்கிறது. இவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்திருக்கிறாள், அவள் எங்கே என்று, ரோய் கைமாறிய விற்பனைச் சீட்டுகளைப் பின்தொடர்ந்து எங்கள் பட்டறை வரைக்கும் வந்துவிட்டார்.

எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நடந்தது முழுவதையும் அவருக்குச் சொன்னேன். அவர் ரோயின் வெட்டுப்பட்ட பக்கத்தைச் சாந்தில் அச்சு எடுத்து வந்திருந்தார். அதை மெரித்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். அப்படியே போய் உட்கார்ந்தது. ஒரு தாள்கூட நடுவில் நுழையாது.

பிறகு அவர் மெரித்தைச் சுற்றி வந்து பார்த்தார். மடியில், தொடையில், மார்பில், ஆசனத்தின் பக்கத்தில், எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகச் சதுரங்கள். பெயர் வெட்டியிருந்த வரியில் இரண்டு மூன்று எழுத்துகள்தான் மிச்சம். ரோய் தேன் நிறத்தில் இருக்கிறார் என்றார். பழைய வர்ணம்கூட அவரில் ஒட்டியிருக்கிறதாம். "இவளை அவருக்குப் பக்கத்தில் வைத்தால், வருகிறவர்கள் இவளுக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். அதற்கு என்னால் எழுதக்கூடிய பதில் இல்லை," என்றார். பத்திரம் இல்லாத கல்லை வாங்கவும் அவர்களுடைய சட்டம் விடாது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, மன்னிக்கச் சொல்லி, அச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இன்னும் கூட எரிகிறது.

அதற்குப் பிறகு பட்டறையை மூடினார்கள். கருவிகள், மேசைகள், மிச்சக் கற்கள் எல்லாவற்றையும் ஒரு பயிற்சி நிலையம் எடுத்துக்கொண்டது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த நிலையம்தான். மெரித் என்று நான் சொன்னது ஜன்னலோரம் இருக்கும் அந்தப் பயிற்சிக் கல்லைத்தான்.

முன்வரிசையில் இருக்கும் தங்கச்சிக்கு முகம் மாறிவிட்டது. "அன்ரி, அது பழகுறதுக்கு எண்டு செய்த கல்லெண்டுதான் எங்களுக்குச் சொன்னவை," என்கிறார். ஓம் பிள்ளை, அப்படித்தான் சொல்லுவினம். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்று காலை உள்ளே வரும்போது அவளைப் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே புதிதாக ஒரு சதுரம் இருக்கிறது, ஈரம்கூடக் காயவில்லை. உங்களில் யாரோ நேற்று துடைத்திருக்கிறீர்கள். ஓரங்கள் நேராக, மிகச் சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள்.